மிளகாய்ச் சுருட்டை: ஒரு பெயர், மூன்று குற்றவாளிகள்

போன வருடம் ஆடி மாதம் எங்கள் மொட்டை மாடியில் ஏழு மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். ஏழும் முண்டு மிளகாய். அம்மா பரமக்குடிப் பக்கத்திலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த விதை. பன்னிரண்டு க்ரோ பேக்கில் வைத்து, பூ வரும் நேரத்தில் இலையெல்லாம் சுருள ஆரம்பித்தது. நுனி குறுகி, துளிர் வெளிறி, சில செடிகள் மஞ்சளாகவே நின்றன.

போனில் படம் எடுத்தேன். இணையத்தில் இருந்த படங்களோடு ஒப்பிட்டேன். "இலைச்சுருட்டை வைரஸ், மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அழிக்கவும்" என்று நாலு இடத்தில் போட்டிருந்தது. பத்து நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டேன்.

அம்மா மாடிப்படியில் நின்றுகொண்டு, "ஏப்பா, இது முரணைப்பா. எதுக்கு எல்லாத்தையும் பிடுங்குற?" என்றார்.

"இல்லம்மா, இது வைரஸ். விட்டா மிச்சத்துக்கும் பரவிடும்."

"என்னமோ போ. நாங்க முரணைன்னுதான் சொல்லுவோம்."

ஏழு போயாச்சு. அதிகம் சுருளாத ஐந்தை மட்டும் விட்டுவைத்தேன். ஒரு வாரம் கழித்து அந்த ஐந்திலும் சுருட்டை ஏறியது. அப்போதுதான் பழைய காசு பார்க்க வாங்கிவைத்திருந்த 20 மடங்கு லென்ஸ் ஞாபகம் வந்தது. ஒரு துளிர் இலையைக் கிள்ளி, திருப்பி, லென்ஸை வைத்துப் பார்த்தேன். நரம்பை ஒட்டி, கண்ணாடி மாதிரி மங்கலான மஞ்சளில் என்னவோ ஊர்ந்தது. பக்கத்தில் முட்டைகள். ஒவ்வொரு முட்டையின் மேலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. அந்தப் புள்ளிகளை வைத்துத் தேடினால் குழப்பமே இல்லாமல் ஒரே விடை வந்தது: மஞ்சள் சிலந்திப்பேன். நான் பார்த்த இலையில் பிரச்சினை வைரஸ் இல்லை. பிடுங்கிய ஏழில் எத்தனை பிழைத்திருக்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் சாட்சியை நானே குப்பைக்கு அனுப்பிவிட்டேன்.

இருபது வருடமாக மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிற ஆள் நான். லாகைப் பார்க்காமல் சர்வரை அழிக்கிற ஜூனியரைத் திட்டியிருக்கிறேன். அதையேதான் மாடியில் செய்திருக்கிறேன். அந்த எரிச்சலில்தான் இந்தத் தேடலை ஆரம்பித்தேன். சுருண்ட மிளகாய் இலையைப் பார்த்து "இதனால்தான்" என்று சொல்ல மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? எவ்வளவு காலம் ஆனது?

பெயர்தான் முதல் சிக்கல்

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்தது. அதற்கு இங்கே வந்த நோய்களுக்கு, இங்கே உழுதவர்கள்தான் பெயர் வைத்தார்கள். தமிழில் முரணை, சுருட்டை, முடக்கு. பம்பாய் மாகாணப் பக்கம் முர்டா. எல்லாமே இலையின் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். "சுருண்டிருக்கிறது" என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்வதில்லை. காய்ச்சல் என்று சொல்வது மாதிரிதான். காய்ச்சல் உண்மை, ஆனால் அது டைபாய்டா மலேரியாவா என்று அந்தச் சொல்லில் இல்லை.

இதில் தமிழுக்கு மட்டும் இன்னொரு குழப்பம் உண்டு. இலையைச் சுரண்டிச் சாறு குடிக்கும் சிறகுள்ள சிறு பூச்சியை இலைப்பேன் என்கிறோம். எட்டுக் காலோடு சிலந்தி இனத்தில் சேரும் இன்னொன்றைச் சிலந்திப்பேன் என்கிறோம். இரண்டும் பேன்! உயிரியல்படி இவை இரண்டுக்கும் உள்ள தூரம், வண்ணத்துப்பூச்சிக்கும் தேளுக்கும் உள்ள தூரம். ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றைத் தொடாமலே போகலாம். உரக்கடையில் "பேனுக்கு மருந்து குடுங்க" என்று கேட்டால் எது கிடைக்கும் என்பது கடைக்காரருக்கு அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் பொறுத்தது.

1919, கோவை

சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, பின்னாளில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஆனது. சென்னை மாகாணத்தின் பூச்சி ஆராய்ச்சிக்கும் கோவைதான் மையம்.

அந்தக் கோவையில் ஆமணக்கிலும் மிளகாயிலும் பிடித்த ஒரு இலைப்பேன் அமெரிக்காவுக்குப் போனது. ஜே. டக்ளஸ் ஹூட் என்ற இலைப்பேன் நிபுணர் 1919-ல் தென்னிந்தியாவின் புதிய இலைப்பேன்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதற்கு சிர்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ் என்று பெயர் வைத்தார். ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வெளிர் மஞ்சள். இன்று உலகம் முழுக்க அதற்கு ஆங்கிலத்தில் "சில்லி த்ரிப்ஸ்", அதாவது மிளகாய் இலைப்பேன் என்றே பெயர். 2005-ல் அது ப்ளோரிடாவின் ரோஜாத் தோட்டங்களில் ஏறி அங்கே பெரிய தலைவலியாகியிருக்கிறது. அங்கே அதைத் தேடிப் பிடிப்பவர்கள் முதல் விவரிப்பைப் புரட்டினால் கோயம்புத்தூர் என்ற பெயரைப் பார்ப்பார்கள்.

ஆனால் பூச்சிக்குப் பெயர் வைப்பது வேறு, நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்வது வேறு. ஹூட் செய்தது முதல் வேலை. இரண்டாவது வேலைக்கு இன்னும் பதினாறு வருடம் ஆனது. அதற்கு முன்பே வேறொருவர் வேறொரு குற்றவாளியைப் பிடித்துவிட்டார்.

1922, பம்பாய் மாகாணம்

ஜி. எஸ். குல்கர்னி 1922-ல் இந்திய வேளாண் இதழில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். தலைப்பு, மிளகாயின் "முர்டா" நோய். விவசாயிகள் வைத்த பெயரையே தலைப்பில் வைத்திருக்கிறார். அவர் கண்ட காரணம் சிலந்திப்பேன். என் மாடியில் இருந்ததும் அதே இனம்தான்.

இந்தச் சிலந்திப்பேனின் பூர்வீகக் கதை வேடிக்கையானது. 1904-ல் வாஷிங்டனில் ஒரு கண்ணாடிக் குடிலில் வளர்ந்த மாங்கன்றின் துளிரில் இதைப் பார்த்து நேதன் பேங்க்ஸ் அறிவியல் பெயர் வைத்தார். அதற்கும் முன்னால், 1890-லேயே, இலங்கையில் எர்னஸ்ட் கிரீன் தேயிலைச் செடியின் பூச்சிகளைப் பற்றி எழுதியபோது இதே சிலந்திப்பேனை வேறு பெயரில் விவரித்திருந்தார். தேயிலைக்காரர்களுக்கு அது மஞ்சள் தேயிலைச் சிலந்திப்பேன். மிளகாய்க்காரர்களுக்கு முர்டா. மாம்பழக்காரர்களுக்கு இன்னொன்று. ஒரே உயிரினம், செடிக்குச் செடி புதுப் பெயர். எங்கள் தொழிலில் ஒரே பிழையை நாலு டீம் நாலு டிக்கெட்டாகப் பதிவு செய்து, நாலு பேர் தனித்தனியாக முடி பிய்த்துக்கொள்வது மாதிரி.

அது ஏன் எளிதில் மாட்டவில்லை? பெண் சிலந்திப்பேனின் நீளமே கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர்தான். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வலை பின்னாது. இலையில் துளை போடாது. விரியாத துளிரின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு குடிக்கும். அடிப்பக்கம் வளர்ச்சி குன்றிப்போக, மேல்பக்கம் தொடர்ந்து வளர்வதால் இலையின் ஓரம் கீழ்நோக்கி மடங்கும், கவிழ்த்துப்போட்ட படகு மாதிரி. காம்பு நீண்டுவிடும். நாம் சுருட்டையைக் கவனிக்கும் நேரத்தில் அது அந்த இலையை விட்டு அடுத்த துளிருக்குப் போயிருக்கும். மோசமாகச் சுருண்ட பழைய இலையை எடுத்து லென்ஸில் தேடினால் ஒன்றும் இருக்காது. "பூச்சி எதுவும் இல்லை, அப்போ வைரஸ்தான்" என்று தோன்றும். நான் பிடுங்கிய செடிகளில் மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்தது அப்படிப்பட்ட பழைய இலைகளைத்தான்.

1935, குண்டூர், மதுரை

கோவையில் பணியாற்றிய டி. வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பூச்சியியலின் முன்னோடிகளில் ஒருவர். 1940-ல் அவர் வெளியிட்ட தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூல். இலைப்பேன்கள் அவருக்குத் தனி ஆர்வம். 1935-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே தீர்ப்பு மாதிரி இருக்கும்: குண்டூர், மதுரை வட்டாரங்களில் இலைப்பேன்களால் உண்டாகும் மிளகாய் இலைச்சுருட்டை நோய்.

நோயின் பெயர், இடம், குற்றவாளி, எல்லாம் தலைப்பிலேயே வந்துவிட்டது. கோவையில் பிடிபட்டு 1919-ல் பெயர் பெற்ற அதே பூச்சி, இப்போது மதுரையிலும் குண்டூரிலும் நோய்க்குக் காரணமாகக் கூண்டில் நிற்கிறது. இலைப்பேன் சுரண்டிய இலை மேல்நோக்கிச் சுருளும், நிமிர்ந்த படகு மாதிரி. இலையில் வெள்ளி பூசியது போலவோ பழுப்பாகவோ தழும்பு தெரியும்.

ஆக, 1935 வாக்கில் ஒரே "சுருட்டை"க்கு இரண்டு விளக்கங்கள். ஒருவர் சிலந்திப்பேன் என்கிறார், இன்னொருவர் இலைப்பேன் என்கிறார். யார் சரி? நான் முதலில் இதை ஒரு சண்டையாகத்தான் படித்தேன். யாராவது ஒருத்தர் தோற்கணும் என்று எதிர்பார்த்தேன். மூன்றாவது குற்றவாளி வந்தபோதுதான் கேள்வியே தப்பு என்று புரிந்தது.

வைரஸ் வந்த வழி

1886-ல் நெதர்லாந்தின் வாகனிங்கனில் அடால்ஃப் மேயர் என்பவர், தேமல் விழுந்த புகையிலை இலையைக் கசக்கி, சாறெடுத்து, நல்ல செடியில் ஏற்றினார். நல்ல செடிக்கும் நோய் வந்தது. 1898-ல் டெல்ஃப்ட்டில் பெய்ஜெரிங்க், அது பாக்டீரியா இல்லை, வடிகட்டியையும் தாண்டிப்போகும் வேறொன்று என்று காட்டி, அதற்கு வைரஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தாவர வைரஸ் ஆராய்ச்சிக்கு அடித்தளமே இந்தச் சாறு ஏற்றும் சோதனைதான்.

மிளகாய்ச் சுருட்டையில் இந்தச் சோதனை காலை வாரிவிடும். சுருட்டை வைரஸ் செடியின் உணவுக் குழாய்க்குள் பதுங்கியிருப்பது. சாற்றை நல்ல இலையில் தேய்த்தால் பொதுவாக ஒட்டாது. "சாறு ஏற்றினேன், நோய் வரவில்லை, எனவே வைரஸ் இல்லை" என்று ஒருவர் நேர்மையாகவே எழுதிவிட முடியும். அது உள்ளே போக ஒரு ஊசி வேண்டும். அந்த ஊசி வெள்ளை ஈ.

வெள்ளை ஈயை 1889-ல் கிரீஸ் நாட்டுப் புகையிலையில் கண்டு ஜென்னாடியஸ் விவரித்தார். அது நோய் பரப்பும் என்பது வெளிச்சத்துக்கு வந்தது 1930-31 வாக்கில். சூடானின் பருத்தி வயல்களில் இலைச்சுருட்டையை வெள்ளை ஈதான் செடிக்குச் செடி கொண்டுபோகிறது என்று கிர்க்பேட்ரிக் காட்டினார். நம் நாட்டில் மிளகாய் இலைச்சுருட்டைக்குக் காரணமான வைரஸைப் பற்றி மிஸ்ரா, ராய்சௌத்ரி, ஜா ஆகிய மூவரும் 1963-ல் எழுதினார்கள்.

அந்த வைரஸ் எப்படி இருக்கும் என்று தெரிய இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1970-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தக் குடும்பத்து வைரஸ்களைப் பார்த்தவர்களுக்கு ஒட்டிப்பிறந்த இரட்டையர் போல இரண்டிரண்டாகத் தெரிந்தன. அதனால் ஜெமினி வைரஸ் என்று பெயர். நம் கணக்கில் மிதுன ராசி. 1977-ல் அதன் மரபுப்பொருள் ஒற்றை இழை டிஎன்ஏ என்று தெரிந்தது. மிளகாய் இலைச்சுருட்டை வைரஸின் மொத்த மரபுக்குறிப்பு சுமார் 2,700 எழுத்து. ஒரு எழுத்துக்கு இரண்டு பிட் என்று வைத்தால் 675 பைட். நான் இந்தப் பத்தியை எழுதிச் சேமித்தாலே அதைவிடப் பெரிய கோப்பு. 675 பைட் நிரல் ஒன்று ஒரு முழுச் செடியையும் குட்டையாக்கி, காய்ப்பை நிறுத்திவிடுகிறது. இந்தக் குடும்பத்து வைரஸ்கள் பலவற்றோடு அதில் பாதியளவு நீளமுள்ள துணை டிஎன்ஏ ஒன்றும் சேர்ந்துகொள்ளும். நோயைக் கடுமையாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு.

இந்த இடத்தில் ஒரு சின்ன இடைவழி, ஜப்பானுக்கு. கி.பி. 752-ல் பேரரசி கோக்கென் எழுதிய ஒரு கவிதை மன்யோஷூ தொகுப்பில் இருக்கிறது. கோடைகாலத்திலேயே ஒரு செடியின் இலை மஞ்சளாகிவிட்டதை, உறைபனி தொடர்ந்து விழுகிறதோ என்பதுபோல அவர் கவனித்து எழுதியிருக்கிறார். 2003-ல் நேச்சர் இதழில் சாண்டர்ஸும் சக ஆய்வாளர்களும் அந்தச் செடியில் வரும் மஞ்சள் நரம்பு நோயை ஆராய்ந்து எழுதினார்கள். அதுவும் ஜெமினி வைரஸ், கூடவே அந்தத் துணை டிஎன்ஏ. தாவர வைரஸ் நோய் பற்றிய உலகின் மிகப் பழைய எழுத்துப் பதிவு இது என்பது அவர்களின் முடிவு. பேரரசிக்குக் காரணம் தெரியாது. ஆனால் எந்தச் செடி, எந்தப் பருவம், என்ன நிறம் என்று சரியாக எழுதிவைத்தார். 1,250 வருடம் கழித்து நோயைக் கண்டுபிடிக்க அது போதுமானதாக இருந்தது. நான் ஏழு செடியைப் பிடுங்கும் முன் அந்த அளவுகூடக் குறித்துவைக்கவில்லை.

மூன்று பேரும் சரி

இப்போது மூன்றையும் அடுக்கிப் பாருங்கள். 1922: சிலந்திப்பேன். 1935: இலைப்பேன். 1963: வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். மூவரும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு வயலில் நின்று பார்த்தவர்கள். மூவர் சொன்னதும் உண்மை. தப்பு எங்கே என்றால், மூன்றையும் ஒரே பெயரில் அழைத்த நம் பழக்கத்தில். ஒரே எர்ரர் மெசேஜ், மூன்று பிழைகள். இன்று ஆய்வாளர்கள் இதை "மிளகாய் இலைச்சுருட்டைத் தொகுப்பு" என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

அம்மா சொன்ன முரணைக்கு வருகிறேன். வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புக் குறிப்புகளில் இந்தச் சிலந்திப்பேனுக்கு முரணைச் சிலந்தி என்றே பெயர் இருக்கிறது! அதைப் பார்த்தவுடன் அம்மாவிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னதுதாம்மா சரி."

ஆனால் பேசப் பேச வேறொன்று தெரிந்தது. "மேல சுருண்டாலும் முரணைதான், கீழ சுருண்டாலும் முரணைதான். சாம்பலத் தூவுவோம். சிலது தெளியும், சிலது தெளியாது" என்றார். அம்மாவின் சொல்லும் மூன்றுக்கும் பொதுவான சொல்தான். நான் எல்லாச் சுருட்டையையும் வைரஸ் என்றேன். அம்மா எல்லாவற்றையும் முரணை என்றார். அந்தச் செடியில் அம்மாவின் பெயர் பொருந்திப்போனது. வித்தியாசம் ஒன்றுதான்: அம்மாவின் வைத்தியத்தில் செடி மண்ணில் நின்றது, தெளிகிறதா என்று பார்க்க முடிந்தது.

பெயர்க் குழப்பத்தின் செலவு மாடியில் ஏழு செடி. வயலில் அது பெரிய தொகை. இலைப்பேனுக்கு என்று திரும்பத் திரும்ப செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்த மிளகாய் வயல்களில் சிலந்திப்பேன் பெருகியதை இந்திய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சிலந்திப்பேனைத் தின்னும் உயிர்களை அந்த மருந்து கொன்றுவிடுகிறது. விவசாயிக்குத் தெரிவதெல்லாம் "மருந்து அடிச்சும் சுருட்டை நிக்கலை" என்பதுதான். அதனால் இன்னும் அடிப்பார். 2021-ல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாயை அழித்தது கோவையில் பிடிபட்ட பழைய இலைப்பேன் அல்ல. 2015-ல் பெங்களூரில் பப்பாளியில் முதன்முதலாக இந்தியாவில் பதிவான, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த வேறொரு இனம். இலையோடு நிற்காமல் பூவுக்குள் கூட்டமாகப் புகுந்து காய்ப்பையே நிறுத்திவிட்டது. வயலை அப்படியே உழுதுபோட்டவர்கள் உண்டு. "இலைப்பேன்" என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே இத்தனை பேர்.

இவை கூட்டணியும் வைக்கும். சிலந்திப்பேனுக்குச் சிறகு கிடையாது. அது வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். வைரஸ் கொண்டுவரும் அதே ஈ, முரணையையும் ஏற்றிக்கொண்டு வரலாம். அப்போது ஒரே செடியில் இரண்டு விடையும் சரி.

மஞ்சள் மட்டும் தனிக் கதை

என் ஐந்து செடிகளில் இரண்டு மஞ்சளாக இருந்தன என்றேன். சிலந்திப்பேன் போன பிறகும் அவற்றின் துளிர் மஞ்சளாகவே வந்தது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இதற்கு விடை 1840-களின் பிரான்ஸில் இருந்தது. யூசேப் கிரிஸ் என்பவர் வெளிறிப்போன செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசலைக் கொடுத்தும், இலையில் பூசியும் பார்த்தார். இலை மறுபடி பச்சையானது. செடிக்கும் இரத்தசோகை மாதிரி ஒன்று உண்டு என்று தெரிந்தது அப்போதுதான்.

இரும்பைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியாது. அதனால் பற்றாக்குறை துளிரில் தெரியும். தழைச்சத்தையும் மெக்னீசியத்தையும் அனுப்ப முடியும். அதனால் அவை குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். தொட்டியில் இது இன்னும் கூர்மை. வயலில் வேர் தள்ளிப்போய்த் தேடிக்கொள்ளும், பத்து லிட்டர் பையில் எங்கே போகும்? எங்கள் ஏரியா போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு விடும் உப்புத் தண்ணீர். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இதையும் பேன், வைரஸ் என்று நினைத்து மருந்தடித்தால் இலை கருகுவதுதான் மிச்சம்.

இப்போது நான் பார்க்கும் வரிசை

நூறு வருடத்துக்கு மேல் பலர் தனித்தனியாகக் கண்டதைச் சேர்த்தால், மாடியில் ஐந்து நிமிட வேலைதான்.

முதலில் எந்த இலை என்று பார்க்கிறேன். அடி இலை மட்டும் மஞ்சள் என்றால் சத்தும் தண்ணீரும்தான் முதல் சந்தேகம். துளிர் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பு.

அடுத்து எந்தப் பக்கம் சுருள்கிறது என்று. கீழ்நோக்கி, காம்பு நீண்டு என்றால் சிலந்திப்பேன். மேல்நோக்கி, தழும்போடு என்றால் இலைப்பேன். மேல்நோக்கிச் சுருண்டு, இலை சிறுத்து, நரம்பு வெளுத்து, கணு நெருங்கிச் செடியே குட்டையானால் வைரஸ் சந்தேகம். இவை சாய்வுகள்தான், தீர்ப்பு அல்ல. வெயில் தாங்காமல் மதியம் மட்டும் மடங்கும் இலைகூட உண்டு, அது சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும்.

பிறகு லென்ஸ். பழைய இலையில் இல்லை, விரிந்தும் விரியாத துளிரின் அடியில். வெள்ளைத் தாளில் துளிரைத் தட்டினால் இலைப்பேன் ஓடுவது தெரியும். செடியை உலுக்கினால் வெள்ளை ஈ பறக்கும்.

கடைசியாக, காத்திருப்பது. சுருண்ட இலை எந்த மருந்துக்கும் நிமிராது, அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. பூச்சியை நீக்கிய பிறகு வரும் புதுத் துளிர் என்ன சொல்கிறது என்பதுதான் சோதனை. பேன் போனால் துளிர் சரியாக வரும். வைரஸ் என்றால் பூச்சி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் துளிர் சுருண்டே வரும். செடியைப் பிடுங்கினால் இந்தச் சோதனைக்கே வழியில்லை. ஆனால் பக்கத்துச் செடிக்குப் பரவும் பயமும் நியாயமானதுதான். அதற்குச் சந்தேகப்படும் தொட்டியைத் தூக்கி மாடியின் மறுமூலையில், கொசுவலைக்குள் வைத்தால் போதும். வயலில் முடியாத இந்த வசதி தொட்டியில் இருக்கிறது. அதை நான் பயன்படுத்தவே இல்லை.

ஐந்து செடிகளின் நுனிகளைக் கிள்ளி, கட்டிப்போட்டு அப்புறப்படுத்தினேன். வெயில் தாழ்ந்த பிறகு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு மூன்று கிராம் கலந்து, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அடித்தேன். ஒரு செடிக்கு இலை ஓரம் கொஞ்சம் கருகியது. மஞ்சள் இரண்டுக்கும் இரும்புச் சத்துக் கரைசலும் மழைத்தண்ணீரும். மூன்று வாரத்தில் நான்கு செடிகளில் துளிர் நேராக வந்தது. ஐந்தாவது மட்டும் வலைக்குள் இருந்தும் சுருண்டு, சிறுத்து, நரம்பு வெளுத்தே துளிர்த்தது. லென்ஸில் ஒன்றுமே இல்லை. அதற்கு நான் முதலில் சொன்ன வைரஸே காரணமாக இருக்கலாம். அதை ஒரு மாதம் பார்த்துவிட்டு, இந்த முறை தேதியும் படமும் குறித்துக்கொண்டு பிடுங்கினேன்.

நான்கு செடியிலும் மார்கழிவரை காய் கிடைத்தது. நன்றாகத் தெளிந்த இரண்டு செடிகளின் பழத்தை அம்மா விதைக்கு எடுத்துக் காயவைத்திருக்கிறார். முடிச்சின் மேல் நான் ஒரு சீட்டு ஒட்டினேன்: செடி எண், முரணை வந்த தேதி, தெளிந்த தேதி. "விதைக்கெல்லாம் ஜாதகம் எழுதுறியா?" என்று அம்மா சிரித்தார். ஆமாம், அடுத்த ஆடிக்குத் தேவைப்படும்.